பிறக்காத நிறுவனத்தின் பணிகள்

டிசம்பர் 5, 1994
விடைத்தாள் கட்டு வந்துவிட்டது. நாலாவது கேள்வி: ‘1948இல் தொடங்கப்பட்ட சர்வதேச வர்த்தக நிறுவனத்தின் பணிகளை விவரி.’

இரண்டு முறை படித்தேன். அப்படி ஒன்று தொடங்கப்படவே இல்லையே? சாசனம் எழுதினார்கள், ஐம்பத்து மூன்று நாடுகள் கையெழுத்தும் போட்டன. அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை, அதோடு சரி. அது வரும்வரைக்கும் தற்காலிகமாக இருக்கட்டும் என்று வைத்த ‘காட்’ (GATT) என்ற வர்த்தக ஒப்பந்தம்தான் இன்றுவரை ஓடுகிறது.

கேள்வி துறைத்தலைவருடையது. தற்காலிக விரிவுரையாளரான என்னை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும் குழுவிலும் அவர்தான்.

டிசம்பர் 6
பிறக்காத குழந்தையை மாணவர்கள் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஒருவன் அதற்குத் தலைமையகம் கட்டியிருக்கிறான். எல்லாம் துறைத்தலைவரின் நோட்ஸிலிருந்து. ஒரே ஒரு பெண், ‘இந்நிறுவனம் செயல்பட்டதே இல்லை’ என்று எழுதி, காரணமும் சொல்லியிருக்கிறாள். விடைக்குறிப்பின்படி அவளுக்குப் பூஜ்யம்.

டிசம்பர் 7
துறைத்தலைவரிடமே போனேன்.
“சாசனம் கையெழுத்தாச்சா இல்லையா மேடம்?”
“ஆச்சு சார். ஒப்புதல் ஆகல.”
“பசங்க படிச்சதை எழுதிட்டாங்க. மார்க்கைப் போட்டுட்டுப் போங்க. இந்த நேரத்துல உங்களுக்கு எதுக்கு இது?” சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

வீட்டில் அக்கா: “பத்தொன்பது வருஷமா தற்காலிகம். அந்த ஒப்பந்தத்துக்கும் உன் வயசுதானே? நல்ல ஜோடி. வாயை மூடிக்கிட்டுத் திருத்துடி.”

வாயை மூடிக்கொள்வதுதான் எனக்கு நன்றாக வருமே. பிறகு ஏன் பேனா நகர மாட்டேன் என்கிறது?

டிசம்பர் 9
அவளுக்கு முழு மதிப்பெண். கேள்வியே தவறு என்று குறிப்பெழுதி, மற்றவர்களுக்கும் முழு மதிப்பெண்ணே போட்டேன்.

டிசம்பர் 19
நிரந்தரப் பணிக்கான நேர்காணல். துறைத்தலைவர் கேட்டது ஒன்றே ஒன்று: “மேல இருக்கிறவங்க சொன்னா ஏத்துக்குவீங்களா?”
“சரியா இருந்தா ஏத்துக்குவேன் சார்.”
வெளியே வந்ததும் என்னையே திட்டிக்கொண்டேன். எதுக்குடி உனக்கு இந்த வாய்? இத்தனை வருஷம் சும்மாதானே கிடந்தது—

டிசம்பர் 23
முடிவு இன்னும் வரவில்லை.

ஜனவரி 2, 1995
நேற்றிலிருந்து அந்த ஒப்பந்தத்தின் இடத்தில் உலக வர்த்தக அமைப்பு. நிரந்தரம் என்கிறார்கள். பார்ப்போம்.

என் ஆணையும் வந்தது: ‘மேலும் ஓராண்டுக்குத் தற்காலிகமாக.’ அக்கா டீயை வைத்துவிட்டுப் போனாள்.

வகுப்பில் முன்வரிசைப் பையன் எழுந்தான். “மேடம், நோட்ஸ்ல அந்த நிறுவனத்தைப் பத்தின பக்கத்தைக் கிழிச்சிடச் சொல்லி துறைத்தலைவர் சார் சொல்லிட்டாரு.”
“கிழிக்காதீங்க,” என்றேன். “அடிச்சிட்டுப் பக்கத்துல சரியானதை எழுதிக்கோங்க.”

மெதுவாகச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.