உங்கள் வட்டம் மட்டும் சிவப்பு

அண்ணாச்சி,

இன்று காலை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப் பொடிக்காக நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கொட்டையை அரைக்கப் போட்டு, அந்த வாசனை மூக்கில் ஏறுகிற நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. குடிநீர் இயந்திரம் பற்றிய என் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டுவிட்டதாம். எங்கள் சமையலறையில் அந்த இயந்திரம் ஒரு வாரமாக மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது. வீட்டுக்குப் போன் செய்து, "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வந்தாங்களே. பால்காரர் வந்தாரு, குப்பை எடுக்கிறவர் வந்தாரு" என்றாள் என் மனைவி. "உங்க கம்பெனி மெஷின், உங்க கம்பெனி மெசேஜ். திரும்பி வரும்போது ஒரு கேன் தண்ணியும் தூக்கிட்டு வாங்க."

இந்நேரம் தலைமை அலுவலகச் சுவரில் என் வீட்டுப் புகாரும் சேர்ந்து ஒரு வட்டத்தைப் பச்சையாக்கியிருக்கும். அந்த வட்டத்தை வரைந்தவனும் நான்தான். இதை உங்களிடம் சொல்லிச் சிரிக்காமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உங்களை முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சர்வீஸ் சென்டர்களில் விழுகிற புகார்களையெல்லாம் அள்ளி, மேனேஜர்கள் பார்த்து முடிவெடுக்கிற மாதிரி படமாகக் காட்ட கம்பெனி ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. படம் போட என்னை வைத்திருந்தார்கள். நானும் என் பாண்டித்தியத்தையெல்லாம் கொட்டி, பட்டைப் படம், வட்டப் படம், மேலும் கீழுமாகக் கோடுகள் என்று திரையை நிறைத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சென்டர் சென்டராகச் சுற்றினேன். ஒரு மேனேஜர் அச்செடுத்துத் தரச் சொல்லி, அதன் மேல் சமோசாவை வைத்துச் சாப்பிட்டார். இன்னொருவர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பஹுத் படியா! இந்த நீலத்தை மட்டும் கொஞ்சம் தூக்கலா வைங்க" என்றார். அப்புறம்தான் துவாரகா வந்தேன். மெட்ரோ தூணுக்கு எதிரே, மிட்டாய்க் கடைக்கு மேல் மாடியில் உங்கள் சென்டர்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தீர்கள். "என்னவே இது, கல்யாண ஆல்பமா? மாப்பிள்ளையக் காணுமே."

தஞ்சாவூர்க்காரனை 'வே' என்று கூப்பிட டெல்லியில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ரோஷம் வந்தது. ஆனாலும் கேட்டேன்: "சரி அண்ணாச்சி, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"காலையில வந்து உக்காந்ததும் எனக்கு ஒண்ணு தெரியணும். இன்னிக்கு எந்த வீட்ல தண்ணி இல்ல? எத்தன நாளா இல்ல? அதச் சொல்லுமா உம்ம பொட்டி?"

"சொல்லுமே. இந்த மூலையில அமுக்கி, அதுக்குள்ள ஒரு பில்டர் போட்டு..."

"பில்டர் மெஷினுக்குள்ள இருக்குவே. உம்ம படத்துக்குள்ளயும் எதுக்கு?"

உங்கள் டெக்னீஷியன்கள் தமிழ் தெரியாமலே சிரித்தார்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அலுவலகத்துக்கு வந்து என் ஆல்பத்தைக் கிழித்தேன். ஒரு சென்டருக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். புகார்கள் தேங்கினால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. வட்டத்தைத் தொட்டால் வீடுகள் வரும். அதிக நாள் காத்திருக்கிற வீடு உச்சியில் நிற்கும். நீங்கள் காலையில் வந்து கைபேசியில் அதைத் தொடுவீர்கள். "பன்னெண்டாம் செக்டர், அந்த அம்மா நாலு நாளா கொதிக்க வச்சுக் குடிக்கு. மொதல்ல அங்க போ, ஜல்தி" என்று ஆளை அனுப்புவீர்கள். வேலை முடிந்தால்கூட, அந்த வீட்டில் ஒருவர் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்த பிறகுதான் புகாரை மூடவேண்டும் என்பது உங்கள் சட்டம். நான் செய்த ஒன்றை ஒரு மேனேஜர் தினமும், யாரும் சொல்லாமல் திறந்து பார்த்தார் என்றால் அது என் உத்தியோக வாழ்க்கையிலேயே அப்போது மட்டும்தான். கர்வத்தில் இரண்டு கிலோ கூடினேன். அதில் ஒரு கிலோ கீழ்க்கடை குலாப் ஜாமூன் என்று நீங்கள் சொல்வீர்கள்.

அந்த நல்ல காலத்தைக் கெடுத்தது பாராட்டுதான். டைரக்டர் வட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். எல்லா சென்டர்களுக்கும் இதுவே என்றார். தன் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி மாட்டி அதில் ஓடவிட்டார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எது சிவப்போ அந்த மேனேஜருக்கு எல்லார் முன்னாலும் அர்ச்சனை. மாதம் ஒன்று போவதற்குள் டிவி பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது, உங்கள் வட்டம் ஒன்றைத் தவிர.

மற்றவர்களுக்கு எப்படிப் பச்சை வந்தது என்பது கேன்டீனில் எல்லாருக்கும் தெரியும். குருகிராம் மேனேஜர்தான் அந்த வித்தைக்கு மூலபுருஷர். கெடு முடியப்போகிற புகாரை ஆள் போகாமலே மூடிவிடுவது. வீட்டுக்காரர் கத்தினால் புதுப் புகாராகப் பதிவது. காத்திருந்த நாளெல்லாம் பூஜ்ஜியத்தில் இருந்து மறுபடி எண்ணப்படும்.

துவாரகாவை மூடிவிடலாம் என்று டைரக்டர் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியபோது பயந்துபோய் உங்களிடம் ஓடி வந்தேன். "அண்ணாச்சி, எல்லாரும் செய்றாங்க. சென்டர் நிக்கணும்ல. நீங்களும் ஒரு மாசம் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன்" என்றேன்.

நீங்கள் பெரிய அரிச்சந்திரனைப்போல் எழுந்து நிற்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் சலித்துக்கொள்ளத்தான் செய்தீர்கள். "தண்ணி வராத வீட்ட வந்துட்டுன்னு மூடிட்டா, காலையில எதப் பாத்துவே ஆள அனுப்புவேன்? அந்த வீடு உம்ம பொட்டியிலயே இருக்காதே. நான் அத நம்பித்தான ஓட்டுதேன்."

என் படம் பயன்பட்ட ஒரே மனிதரால் மட்டும் அதனிடம் பொய் சொல்ல முடியாமல் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை நானே கூட்டத்தில் எழுந்தேன். ஒரே வீட்டுக்கு மறுபடி மறுபடி விழும் புதுப் புகார்களை எண்ணிப் படம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அப்படிப்பட்ட புகார் மிகக் குறைவு என்று அதில் உங்கள் சென்டர்தான் எல்லாரையும்விட மேலே இருந்தது. டைரக்டர் பாதியிலேயே கையை உயர்த்தினார். "மதராசி மதராசிக்காகப் பேசுறார்" என்றார். அறை சிரித்தது. அப்புறம், எனக்குப் பரிந்து சொல்கிறவர் மாதிரி, "அரே பாய், மேனேஜர்களுக்குச் சுலபமா இருக்கணும்னு சொன்னது நீங்கதானே? இப்ப நீங்களே ஏன் சிக்கலாக்கறீங்க?" என்றார்.

துவாரகாவை குருகிராமோடு சேர்த்தார்கள். உங்கள் டெக்னீஷியன்களுக்கு அந்த மாதத்தோடு கணக்கு முடிந்தது. உங்களை மானேசர் என்ற ஊரில் இருக்கிற கிடங்குக்குப் போகச் சொன்னார்கள். நீங்கள் வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். திரையிலிருந்து உங்கள் வட்டத்தை எடுக்கவேண்டிய வேலை எனக்கு வந்தது. எடுத்தேன். டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். "இப்பதான் பார்க்கவே நல்லா இருக்கு" என்றார்.

அன்று மாலை நீங்களே போன் செய்தீர்கள். "என்னவே, டிவி பூராப் பச்சையாமே. ஆபீசுக்குள்ளயே நாத்து நட்டுட்டீராக்கும்?" நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

குளிர்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. மயானத்தில் உங்கள் பழைய டெக்னீஷியன்கள் எல்லாரும் நின்றார்கள். கம்பெனியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. கூட ஆள் யாரும் வரவில்லை. உங்கள் மகள் என் பக்கத்தில் வந்தாள். அவளுடைய டெல்லித் தமிழை நீங்கள் எத்தனை கேலி செய்திருப்பீர்கள்.

"அங்கிள், அப்பா போன்ல உங்க ஆப் இன்னும் இருக்கு. டெய்லி காலையில, சுபஹ் சுபஹ், ஓபன் பண்ணுவாங்க. பாஸ்வேர்ட் தப்புன்னு வரும். மூடி வெச்சுருவாங்க. நெக்ஸ்ட் டே திரும்ப ஓபன் பண்ணுவாங்க. அது ஏன் அங்கிள் ஓபன் ஆகலை?"

வேலையை விட்டவர்களின் கணக்கை மூடுவது கம்பெனி வழக்கம் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "ஏதோ டெக்னிகல் பிராப்ளம்மா" என்றேன்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். என் வயதில், இந்தத் தொப்பையோடு, வேறு எவன் சேர்த்துக்கொள்வான்? இப்போது வட்டமும் பழசாகிவிட்டது. மேனேஜர்கள் இனிமேல் எதையும் பார்க்கக்கூட வேண்டாமாம். 'சப் டீக் ஹை?' என்று வாயால் கேட்டால் போதும். செயற்கை மூளை இருக்கிற தகவலை அலசி, இனிமையான பெண் குரலில் பதில் சொல்லும். நான்தான் செய்துகொண்டிருக்கிறேன். சோதனையில் எத்தனை தடவை கேட்டாலும் எல்லாம் சரியாக இருப்பதாகவே சொல்கிறது. அதற்குக் கொடுத்திருப்பதெல்லாம் மூடிய புகார்கள். வேறு என்ன சொல்லும், பாவம்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு கிறுக்கு. தினமும் அலுவலகத்தை விட்டுக் கிளம்புமுன், துவாரகாவில் தீர்ந்ததாக மூடப்பட்ட ஒரு வீட்டைப் பொறுக்கி எடுத்துப் போன் செய்கிறேன். என்னிடம் ஸ்பேனரும் இல்லை, அனுப்ப ஆளும் இல்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவுமில்லை. பஞ்சாபி, ஹரியாண்வி, ஒருநாள் பாலக்காட்டு மலையாளம் என்று வகைவகையாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். நேற்று ஒரு அம்மாள் எடுத்தார். தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை என்றார். உங்கள் ஆள் எப்போது வருவான் என்று கேட்டார்.

"தெரியலை ஜி."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா போன் பண்ணினே?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன், அண்ணாச்சி.

"ஆமாம் ஜி. அதுக்குத்தான்."