அம்மா வாங்காத திருவிருந்து

போதகர் ஐயா,

இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் திராட்சை ரசத்தின் வாசம். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்க, உங்களுக்குப் பின் வந்த புதுப் போதகர் அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்திருந்தார். கிண்ணத்தை நீட்டியதும் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தகுதியில்லீங்க. ஐயா வேணாம்னு சொல்லியிருக்காங்க."

அந்த ஐயா நீங்கள்தான். நீங்கள் மண்ணுக்குள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன என்பது அவளுக்கும் தெரியும்.

நீங்கள் அப்படிச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து மிஞ்சிக் கிடந்ததால் மலையில் வேலை வைத்துவிட்டார்கள். அம்மா கூடையை இறக்கிவிட்டு நேரே கோயிலுக்கு ஓடிவந்தாள். கொழுந்து பறிக்கிற விரலில் ஏறிய கறுப்பு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. அவள் ஏந்திய கையைப் பார்த்தீர்கள். "இந்தக் கையோடயா வாங்க வந்த? உள்ளமும் இப்படித்தான இருக்கும்?" என்று கேட்டு அடுத்தவரிடம் நகர்ந்தீர்கள். அதோடு விட்டீர்களா? மனிதன் புழு, குப்பை, துப்பி எறியத் தக்கவன் என்று அடுத்த வாரப் பிரசங்கத்திலும் அம்மாவின் கையைத்தான் காட்டினீர்கள். முன்வரிசையில் இருந்த உத்தியோகத்தர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் மனிதர்கள்தானே, ஒருவரையாவது காட்டியிருக்கலாம்.

பிரசங்கம் கேட்ட அன்று மாலை, பீலியடியில் மலையூற்றுத் தண்ணீர் விழ விழ, சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டு அம்மா விரலைத் தேய்த்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஐயா சொன்னா சரியாத்தான்டி இருக்கும்," என்றாள். அதற்குப் பிறகு திருவிருந்துக்கு அவள் எழுந்து போனதே இல்லை.

உங்களை நம்ப அவளுக்குக் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செத்த அன்று கொட்டும் மழையில் முதலில் ஏறி வந்தவர் நீங்கள். பெட்டிக்குத் தோள் கொடுத்தீர்கள். மலையில் கணக்கப்பிள்ளை திட்டினால் வீட்டுக்கு வந்து அவரைத் திருப்பித் திட்டித் தீர்ப்பாள் அம்மா. நீங்கள் திட்டியதை மட்டும் வேதமென்று எடுத்துக்கொண்டாள்.

புதியவர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை, ஆனால் நல்லவர். முழங்காலிட்டு, "தகுதி பாத்தா நான்கூட இதத் தொட முடியாதும்மா," என்று கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் ஏங்கிய ஒரு வாய் ரசம் இல்லாமலே அவள் போகப்போகிறாள். அதைத் தட்டிவிட்டவர் நீங்கள்.

உங்கள் பேரைச் சொல்லி இன்றைக்கும் ஜெபத்தில் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். உங்களை மன்னித்துவிடு என்று அவர் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும், அம்மா முதலில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பட்டும்.