வடகிழக்கு மூலை மலை

எல்ம் பிரேரி, மினசோட்டா
8 மார்ச் 2009

அன்புள்ள வெர்லினுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் இங்கே இருப்பது நான் ஒருத்தி. நலமாகத்தான் இருக்கிறேன். உன் தம்பி ஆர்லனின் இடுப்பு எப்படி இருக்கிறது? சோளம் அறுக்க இரண்டு வாரம் ஒத்தாசைக்கு என்று அக்டோபரில் போனவன் நீ. இப்போது மார்ச். டகோட்டாவில் இன்னும் சோளம் நிற்கிறதா?

ஃபோனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை, எனக்குப் பொறுமை இருப்பதில்லை. நான் கத்தி, நீ கத்தி, கடைசியில் பனியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒட்டுப்போர்வை தைக்கிற பெரிய மெஷின் ஒன்றை வாங்கிவிட்டேன். பக்கத்து ஊரில் ஒருத்தி, கண் சரியில்லை என்று விற்றாள். அதன் சட்டம் மட்டும் பன்னிரண்டு அடி. மே பதினாறு, சனிக்கிழமை, கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதைப் போட இந்த வீட்டில் இருக்கிற ஒரே இடம், தரைக்கு அடியில் இருக்கிற உன் கீழறை. அந்தத் தேதிக்குள் வந்து உன் பொம்மை ரயில்களை எடுத்துவிடு. அக்டோபரில் வாயால் கேட்டேன், காதில் விழாத மாதிரி இருந்தாய். இப்போது எழுத்தில் கேட்கிறேன்.

இந்த வீட்டுக்கு வந்து இருபத்துமூன்று வருஷமாகச் சாப்பாட்டு மேசையில்தான் தைக்கிறேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, துணி, கத்தரி, ஊசி அத்தனையையும் வாரி எடுத்து வைத்துவிட்டு மறுபடி பரப்ப வேண்டும். "இருக்கட்டும் கோரீன், இன்னிக்கு நின்னுக்கிட்டே சாப்பிடலாம்" என்று ஒரு நாள் சொல்லியிருப்பாயா? கீழே உன் ரயில் மட்டும் போட்ட இடத்தில் போட்டபடி ஓடியது. இனி நான் ஊராரின் போர்வைகளை வாங்கித் தைத்துக் கொடுக்கப் போகிறேன். ஏழு பேர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

வா. உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கி அடுப்பில் சுட்டு ஹாட்டிஷ் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
கோரீன்


ஆர்லன் பண்ணை, தெற்கு டகோட்டா
17 மார்ச் 2009

அன்புள்ள கோரீன்,

கடிதம் கிடைத்தது. ஆர்லன் கைத்தடி இல்லாமல் நடக்கிறான். பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. பரவாயில்லை, இதைவிட மோசமாக இருந்திருக்கிறது.

மெஷின் வாங்கியது நல்லதுதான். ஆனால் கீழறை அதற்குச் சரிப்படாது. ஏப்ரலில் சுவரெல்லாம் ஈரம் ஊறும். ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் ஒரு நாள் நின்றால் உன் துணி முழுக்கப் பூசணம்தான். வெளிச்சமும் போதாது. நடுவில் வீட்டைத் தாங்குகிற இரும்புத் தூண் நிற்கிறது, தானியக் கிடங்கு மாதிரி பெயின்ட் அடித்து நான் மறைத்து வைத்திருப்பதால் உனக்கு மறந்திருக்கும். இஸ்திரிப் பெட்டியையும் மெஷினையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். மாடியில் நம் பையனின் அறை சும்மாதானே கிடக்கிறது?

அப்படியும் ஏதாவது நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் தண்டவாளம், பாலம், குட்டி வீடுகள், எதை வேண்டுமானாலும் எடு. வடகிழக்கு மூலையில் இருக்கிற மலையை மட்டும் தொடாதே. அது லேசில் பெயராது. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆர்லன் உன்னை விசாரித்தான்.

வெர்லின்


எல்ம் பிரேரி
25 மார்ச் 2009

அன்புள்ள வெர்லின்,

சாக்குச் சொல்ல உன்னிடம்தான் பாடம் கேட்க வேண்டும். பையனின் அறை பத்தடி. பன்னிரண்டடிச் சட்டத்துக்காக நீ வந்து சுவரைத் தள்ளித் தருவாயா?

ஈரத்துக்கு உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கி ஓடவிட்டிருக்கிறேன். எலக்ட்ரீசியன் வந்து தனி லைன் இழுத்து எட்டு டியூப்லைட் மாட்டிவிட்டுப் போனார். உன் தூணையும் அளந்தாயிற்று. தூணுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே சட்டம் சௌகரியமாக உட்காரும், அந்த மலை போனால். ரயில் பெட்டிகளை முட்டை அட்டைகளில் ஒவ்வொன்றாகப் பஞ்சு வைத்து அடுக்கி, மேலே எண்ணும் எழுதிவிட்டேன். உன் சாமான் மேல் எனக்கு இருக்கிற அக்கறை என் சாமான் மேல் இந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

முந்தாநாள் கடையில் உன் அக்கா மேவிஸைப் பார்த்தேன். இரண்டு பேரும் தக்காளியைப் பார்த்தோம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாம் டகோட்டாவை விட்டு இங்கே வந்தபோது அங்கிருந்த சர்ச் பெண்கள் முப்பது பேர் ஆளுக்கொரு துணிச் சதுரத்தில் தங்கள் பெயரைத் தைத்துக் கொடுத்தார்களே, என் அம்மா உட்பட, அவை இருந்தால் இந்த மெஷினில் முதல் போர்வை அதுவாகத்தான் இருந்திருக்கும். மறு வருஷம் நான் பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்த எட்டு நாளில் வீடு பார்த்துக்கொள்ள வந்த மேவிஸ், தலையணை உறையில் நான் வைத்திருந்த அவற்றைக் கந்தல் என்று குப்பையில் போட்டுவிட்டாள். போட்டதை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அப்போது அவள் ஹாட்டிஷ் கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, அடியில் அவள் பெயர் ஒட்டியபடி. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது. அவளுக்கு நிரப்பிக் கொடுக்க இருபத்திரண்டு வருஷமாக எனக்குக் கை வரவில்லை.

மலையை எடுக்க எப்போது வருகிறாய்? தேதி போட்டு எழுது.

கோரீன்


ஆர்லன் பண்ணை
6 ஏப்ரல் 2009

கோரீன்,

விதைப்பு முடிந்ததும் வருகிறேன். ஜூன் ஆகலாம். அதுவரை சட்டத்தைத் தெற்குச் சுவர் பக்கம் குறுக்கே போட்டுப் பார்.

மேவிஸ் கதை பழங்கதை. அதை ஏன் இப்போது கிளறுகிறாய்?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கீழறையும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது?

வெர்லின்


எல்ம் பிரேரி
20 ஏப்ரல் 2009

வெர்லின்,

என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். நான் இருக்கிறேன்.

 இப்போது மீதியையும் எழுதுகிறேன். தெற்குச் சுவரில் துவைக்கிற மெஷின் இருக்கிறது. அது உனக்குத் தெரியும். நீ துவைத்ததில்லை என்றாலும் பார்த்திருப்பாய்.

எனக்கு அறுபத்துமூன்று வயது. எனக்கென்று கதவு போட்ட ஓர் அறை கேட்கிறேன், அதுவும் தரைக்கு அடியில். இதற்கு இத்தனை கடிதமா? சர்ச்சில் காபி குடிக்கும்போது "வெர்லின் எப்ப வர்றார்?" என்று கேட்கிறார்கள். "விதைப்புக்கு அப்புறம்" என்கிறேன். என்ன விதைக்கிறாய் என்று எனக்கே தெரியவில்லை.

மே ஒன்பதாம் தேதிவரை பொறுப்பேன். அன்று மதியத்துக்குள் நீ வரவில்லை என்றால் மலையை நானே உடைப்பேன். வீட்டுக்கு வருகிறாயா, வரப்போவதே இல்லையா, அதையும் ஒரு வரி எழுதிவிடு. தெரிந்துகொண்டால் நிம்மதியாகக் கோபப்படுவேன்.

கோரீன்


எல்ம் பிரேரி
10 மே 2009

வெர்லின்,

ஒன்பதாம் தேதி வந்தது. நீயும் வரவில்லை, உன் கடிதமும் வரவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் உன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

முதல் அடி உச்சியில், பனி என்று வெள்ளை அடித்து வைத்திருந்தாயே, அங்கே. பிளாஸ்டர் உடைந்து உள்ளே துணி தெரிந்தது. பழைய துணியைப் பிளாஸ்டரில் முக்கிக் கம்பிவலை மேல் போட்டுத்தான் மலை செய்வாய் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது அடியில் நீல நூல் தெரிந்தது. நூலில் எழுத்து. ஈரத்துணியால் துடைத்தேன். "லவோன் டெய்க், 1986."

எனக்குச் சதுரம் தைத்துக் கொடுத்த முப்பது பேரில் ஒருத்தி. பிறகு சுத்தியலைத் தூரப் போட்டுவிட்டுக் கையாலேயே பிரித்தேன். இருட்டும்வரை பதினெட்டுச் சதுரம் வந்தது. மற்றவை பொடிப் பொடியாகப் போய்விட்டன. பதினாறாவதாக வந்தது என் அம்மா. "எஸ்தர்" என்று சிவப்பு நூலில் தைத்திருக்கிறாள், பாதி பழுப்பேறிவிட்டது. இன்று அன்னையர் தினம். பையன் பூ அனுப்பினான். வைக்க இடமில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கத் தண்ணீர்த் தட்டுகளில் அம்மாவும் அவள் சிநேகிதிகளும் ஊறிக்கொண்டிருக்கிறார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ முப்பது பெண்களை மலைக்குள் மறைத்து, அதைச் சுற்றி ரயிலும் விட்டிருக்கிறாய்.

மேவிஸ் நம் சமையலறையில் நின்று அழுதது ஞாபகம் இருக்கிறதா? "நான் தொடவே இல்ல கோரீன். அந்தத் தலையணை உறைய நான் பாத்ததுகூட இல்ல." "பொய் சொல்லாத மேவிஸ். இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றேன். நீ ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றிருந்தாய். "யாருக்காவது காபி வேணுமா?" என்று கேட்டாய்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு உனக்குத் தெரியுமா?

கோரீன்


ஆர்லன் பண்ணை
15 மே 2009

கோரீன்,

தெரியும்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாலாம் நாள். துவைக்கிற மெஷின் மேல் இரண்டு பழைய தலையணை உறைகள் இருந்தன. ஒன்றில் கந்தல், ஒன்றில் உன்னுடையவை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மடித்திருந்ததைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மடிப்போடு முக்கி முக்கிப் போட்டேன். கடைசித் துணியில்தான் பெயரைப் பார்த்தேன். அதற்குள் மலை இறுகிவிட்டது.

நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வயிற்றில் தையலோடு படியிறங்கி நீ தேடியதைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளே நீ மேவிஸைக் கேட்டுவிட்டாய். அதற்குப் பிறகு சொல்வதற்குச் சரியான நாள் ஒன்றுகூட வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் என்னிடம் கேட்பாள், "கோரீனுக்கு இன்னும் கோவம் தீரலயாடா?" "இல்லக்கா" என்பேன். வேறு என்ன சொல்வேன்?

நான் கீழே ரயில் ஓட்டப் போனேன் என்று நீ நினைத்தாய். பாதி நாள் ரயில் ஓடவே இல்லை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்டோபரில் நீ கீழறையைக் கேட்டாய். மறு வாரமே நான் இங்கே கிளம்பிவிட்டேன். சோளத்தை ஆர்லன் ஏற்கெனவே அறுத்து முடித்திருந்தான்.

அந்தக் கடைசிச் சதுரத்தை முக்கவில்லை. கருவிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். வெட்கமாக இருக்கிறது, கோரீன். வேறு எழுதத் தெரியவில்லை.

வெர்லின்


எல்ம் பிரேரி
24 மே 2009

வெர்லின்,

சதுரம் வந்து சேர்ந்தது. முப்பதில் நீ காப்பாற்றியது ஒன்று, அதுவும் கிளாடிஸ் ட்வெய்ட்டுடையது. அந்தச் சர்ச்சிலேயே மோசமான தையல் அவளுடையதுதான். அதையும் சேர்த்துப் பத்தொன்பது. மெஷின் வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டது. நான் அளந்த அளவு சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை தோட்டத்தில் விளைந்த புளிப்பு ருபார்ப் தண்டுகளை வெட்டிக் கேக் செய்தேன், மேவிஸின் பாத்திரத்திலேயே. எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். ஆறு தெருதான், வெர்லின். இருபத்திரண்டு வருஷமாக ஆறு தெரு.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, பாத்திரத்தைப் பார்த்தாள்.

"என்னோடதா அது?"

"ஆமா."

"நான் எம்பத்தெட்டுலயே வேற வாங்கிட்டேனே."

"தப்பு பண்ணிட்டேன் மேவிஸ். சதுரம் கெடச்சிருச்சு. என் வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்கு. நீ தொடல. நான் பேசுனதெல்லாம் பாவம்."

கதவை அகலத் திறந்தாள். பிறகு, "உள்ள வா, ஈ வருது" என்றாள்.

கேக்கை வெட்டும்போது கேட்டாள், "வீட்டுல எங்க இருந்துச்சு?"

"அத வெர்லின் வந்து சொல்லுவான்."

கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். "ஓ" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பி, "காபி வேணுமா?" என்றாள். உங்கள் குடும்பத்துக்கே அந்த ஒரு வாக்கியம்தான் போலிருக்கிறது. கேக்கில் சர்க்கரை குறைவு என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்து, கீழறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். கதவு வைத்த அறைக்கு முதல் உபயோகம் அதுவாகப் போயிற்று.

உன்மேல் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்று தேதி போட எனக்குத் தெரியாது. துணியை அழித்ததற்குக்கூட மன்னித்துவிடுவேன், அது தெரியாமல் செய்தது. காபி வேண்டுமா என்று கேட்டதற்குத்தான் முடியவில்லை.

நீ வந்தால் கீழறையில் இடம் கிடையாது. சாப்பாட்டு மேசை இப்போது காலியாக இருக்கிறது, ரயிலை அங்கே போட்டு ஓட்டிக்கொள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆனால் முதலில் மேவிஸ் வீடு. நான் கிளம்பும்போது அவள் அதே பாத்திரத்தில் ஹாட்டிஷ் வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டேன். பாத்திரத்தைக் கழுவி மேசைமேல் வைத்திருக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நீ. காலியாகக் கொண்டு போகாதே. எதைச் செய்து நிரப்புவது என்று என்னைக் கேட்காதே.

கோரீன்