மதகைத் திறக்கும் முன்

திருமுல்லைவாயில்,
மார்ச் 1995

என் கண்ணுக்கு,

குளத்து இறாலெல்லாம் வெள்ளைப்புள்ளி நோயில் செத்து மிதப்பதாக எழுதியிருந்தாய். இன்று மீன்காரப் பூங்காவனம், "இன்னா டீச்சரம்மா, புள்ள எறா வளக்குறான், நீ ஏரிக் கெண்ட வாங்கிகினு கீறே?" என்று கேலி செய்தாள். கெண்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நோய் வந்த அந்தக் குளத்துத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடப் போகிறேன் என்கிறாய். அம்மை போட்ட பிள்ளையை நான் வகுப்புக்கு வரவிட்டதில்லை. பக்கத்துக் குளத்துக்காரர் அதே கால்வாயிலிருந்துதானே தண்ணீர் எடுக்கிறார்? அவருடைய இறால் நன்றாக இருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய்.

முதலில் அவரிடம் சொல். சொல்ல வாய் வரவில்லை என்றால், மதகைத் திறக்காமல் காத்திரு. சனிக்கிழமை வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மா