கற்பூரத்தை அணைத்த கை

9-4-78
வார ஓய்வு. நிலக்கரிச் சுரங்கத்தின் பெல்ட் செக்‌ஷனில் என்னோடு வேலை பார்க்கும் ராஜாங்கம் தன் ஊர் காடாம்புலியூருக்கு அழைத்துப் போனான். முந்திரிப்பழச் சாராயம். இரண்டு தம்ளர். தைப்பூசத்தன்று கோவிலில், மனைவி இசக்கி முன்னால், எரிகிற கற்பூரத்தை அணைத்து ‘இனித் தொடமாட்டேன்’ என்று சத்தியம் செய்த அதே கைதான் தம்ளரைப் பிடித்தது. நல்லவேளை, இந்த டைரியை அவளுக்குப் படிக்கத் தெரியாது.

12-4-78
வலது விலாவுக்குக் கீழே முறுக்கிப் பிடிக்கிறது. வலி தோள்பட்டை வரை. வாந்தி.

15-4-78
சவரம் செய்யும்போது பார்த்தேன். கண் மஞ்சள். மூத்திரம் கடுங்காப்பி நிறம். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கிச் செத்தார். நாற்பத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தொன்பது.

சுரங்கத்தில் போடும் தூசிக் கண்ணாடியை வீட்டிலும் கழற்றவில்லை. கண்வலி என்று சொல்லிவிட்டேன். கண்ணில் விடத் தாய்ப்பால் வாங்கி வருகிறேன் என்று இசக்கி பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கனகத்திடம் கிளம்பிவிட்டாள்! தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

17-4-78
ராஜாங்கத்திடம் மட்டும் கண்ணைக் காட்டினேன். காமாலைக்கென்று கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தான். “ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு குடிப்பியான்னு கேப்பாருண்ணே. அண்ணி பக்கத்துலயே நிப்பாங்க. பேசாம இத்தக் குடிச்சிகினு இருங்க. உப்பு மட்டும் ஆவாது.” வயிறு சரியில்லை என்று சொல்லி உப்பில்லாத கஞ்சி கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

20-4-78
மலம் வெள்ளைக் களிமண்ணாகப் போகிறது. உடம்பெல்லாம் அரிப்பு. முருகா, தப்புதான். அதுக்காக உசுரையா எடுப்ப? ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. இசக்கிகிட்ட சொல்லிடவா? சொன்னா மூஞ்சியில முழிப்பாளா?

24-4-78
ஆஸ்பத்திரிக் கட்டில். முந்தாநாள் குளிர்க்காய்ச்சல் வந்து பெல்ட் ஓரத்திலேயே விழுந்தேன். இசக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். “என்னங்க இது, கண்ணு மஞ்சக்கிழங்காட்டம் இருக்கு?”

டாக்டர் கேட்டார்: “குடிப்பீங்களா?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிருக்காக டாக்டர். தைப்பூசத்துக்கப்புறம் தொட்டதே இல்ல.”

நானும் தலையாட்டினேன். ஆட்டினேனே!

27-4-78
பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. பித்தப்பையில் கல்லாம். ஒன்று குழாயில் இறங்கி அடைத்திருக்கிறது. நாளை ஆபரேஷன். இசக்கி வராந்தாவில் பட்டினி கிடக்கிறாள். பிழைத்தால் சொல்லிவிடுகிறேன். பிழைத்தால்.

18-5-78
வீடு. வயிற்றிலிருந்த ரப்பர் குழாயை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. இனி உப்பு சேர்க்கலாம் என்று அன்றே சொல்லிவிட்டார் டாக்டர். இது குடியால் வந்ததில்லை, பச்சிலையை நம்பி நாளைக் கடத்தியதுதான் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது என்றும் சொன்னார்.

இசக்கி கல்லை மருந்துப் புட்டியில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். “குடிச்சு வந்ததில்லக்கா. கல்லு, பாருங்க.” நாளை வெள்ளிக்கிழமை, அதே கோவிலில் கற்பூரம் ஏற்ற வேண்டுமாம்.

ஆபரேஷனுக்குக்கூட இப்படி நடுங்கவில்லை.

19-5-78
கற்பூரம் எரியும்போதே சொல்லிவிட்டேன். காடாம்புலியூர். இரண்டு தம்ளர். அவள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். புட்டியை இன்று யாருக்கும் காட்டவில்லை.

ஒரு வாரமாக உப்புப் போட்டுத்தான் சமைத்தாள். இன்றைக்கு வைத்த கஞ்சியில் உப்பில்லை. அப்படியே குடித்து முடித்தேன்.