பெயரில்லாத கட்டங்கள்

சலாதிகா,
3 ஆகஸ்ட் 2018

அன்புள்ள மாஸ் தாமார் அவர்களுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்றால் ஜகார்த்தாவில் உங்களுக்குச் சோறு இறங்காது. நடுவில் ஏதோ ஒன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக் கண்ணும் இனி நெடுநாள் தாங்காது என்று செமராங் டாக்டர் சொல்லிவிட்டார். மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருந்தது, இப்போது அந்தக் குழாயிலும் புகை.

ஆனால் கம்ப்யூட்டர் எனக்குப் படித்துக் காட்டுகிறது. உங்கள் கடிதங்களையும் ஒரு பெண் குரல்தான் படிக்கிறது. "ஆயிரம் முத்தங்கள்" என்பதை மின்கட்டண அறிவிப்பு மாதிரி சொல்கிறாள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கல்லூரியில் இணையப் பக்கம் எழுதக் கற்ற எச்.டி.எம்.எல். வகுப்பு நினைவிருக்கிறதா? அப்போதே உங்களை மரியாதையாக 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. இது தலைப்பு என்று கணினிக்குச் சொல்லும் குறியை, தலைப்பு டேக்கை, நீங்கள் போடவே மாட்டீர்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டு, "பாக்கத் தலைப்பு மாதிரிதானே இருக்கு?" என்பீர்கள். இந்தக் குரலுக்குக் கண் கிடையாது, மாஸ். டேக் இருந்தால்தான் "தலைப்பு" என்று சொல்லும். ஆற்றில் கல்லுக்குக் கல் தாண்டுவது போல நான் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகிறேன். கல்லே இல்லாத பக்கங்களில் முழங்கால் நனைய நடக்க வேண்டியதுதான்.

ஒரு சேதி. மாவட்டத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் ஆசிரியர் எடுக்கப் போகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமான இடம். வயது வரம்பு எனக்கு டிசம்பரோடு முடிகிறது. மனு இணையப் பக்கத்தில்தான் போடவேண்டுமாம். மனசு குதிக்கிறது.

உங்கள்,
நிங்ரும்

*

ஜகார்த்தா,
9 ஆகஸ்ட் 2018

என் நிங்ரும்,

நீ நம்பமாட்டாய். அந்த மனுப் பக்கத்தைச் செய்வதே எங்கள் கம்பெனிதான்! பாதி வேலை என் மேசையில் கிடக்கிறது. முதலாளி பாக் ஆர்யோ தினமும் விரட்டுகிறார். பக்கம் பார்க்க அவ்வளவு அழகு. நீலமும் வெள்ளையும். உனக்கு வேலை கிடைத்த மாதிரிதான்.

இங்கே அறையில் ஏசி கெட்டுப்போனது. சோயா தெம்பேயும் முட்டையும் தின்று நாக்கு செத்துவிட்டது. வருடப் பிறப்புக்குச் சேர்த்து விடுப்பு எடுத்து ஊருக்கு வருகிறேன்.

ஆயிரம் முத்தங்கள் (அவளிடம் மெதுவாகப் படிக்கச் சொல்),
தாமார்

*

சலாதிகா,
20 செப்டம்பர் 2018

அன்புள்ள மாஸ்,

உங்கள் பக்கம் திறந்துவிட்டது. அடியில் உங்கள் கம்பெனியின் பெயரை அவள் படித்தபோது பெருமையாக இருந்தது.

பிறகு மனுவுக்குள் போனேன். "எழுதும் கட்டம், காலி." அடுத்தது? "எழுதும் கட்டம், காலி." கடைசி வரைக்கும் இதுதான். எது பெயர், எது பிறந்த நாள் என்று ஒரு கட்டமும் சொல்லவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்குமாம். ஆனால் அந்த எழுத்தைக் கட்டத்தோடு கட்டவில்லை. லேபிள் டேக் இல்லை.

ஊகித்து ஊகித்து நிரப்பினேன். முடிவில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் அவள் வெறும் "பொத்தான்" என்கிறாள். முதலாவதை அழுத்தினேன். எல்லாம் அழிந்துவிட்டது. அனுப்பும் பொத்தான் மற்றதாம்.

பக்கத்து வீட்டு அம்மாள் இபு சுமி, கடலைச் சட்னி ஊற்றிய பெசெல் காய்கறி கொண்டுவந்தவர், பார்த்துவிட்டு, "ஏண்டி, உம் புருஷன் கட்டுன வீட்டுக்கு உனக்கே சாவி இல்லையா?" என்றார்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு லேபிள். பொத்தான் படத்துக்கு அவள் படிக்க ஒரு மாற்றுச் சொல். ஒரு மத்தியான வேலை, மாஸ். எனக்கு மட்டும் அல்ல. இந்த இடத்துக்கு மனு போடுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள்,
நிங்ரும்

*

ஜகார்த்தா,
22 செப்டம்பர் 2018

என் நிங்ரும்,

உடனே கேட்டேன். பாக் ஆர்யோ ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தை மாவட்ட அலுவலகத்தார் ஏற்றுக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனித் தொட்டால் எங்கள் தலையில் விழும் என்கிறார். கூட்டத்தில் அவர் அடித்த கூத்தைக் கேள்: "குருடங்களுக்கு எதுக்குய்யா வெப்சைட்? அடுத்து செவிடனுக்கு ரேடியோ கேப்பியா?" அறையே சிரித்தது. அப்படிப்பட்ட ஆள். என்ன செய்ய?

நீ கவலைப்படாதே. உன் சான்றிதழ்களைப் படம் எடுத்து அனுப்பு. இங்கிருந்து நானே நிரப்பி அனுப்பிவிடுகிறேன்.

தாமார்

*

சலாதிகா,
24 செப்டம்பர் 2018

அன்புள்ள மாஸ்,

இபு சுமி படம் எடுத்துக் கொடுத்தார், இதோடு அனுப்பியிருக்கிறேன். என் கையாலேயே போடவேண்டும் என்று நினைத்திருந்தேன். தானே ஒரு மனுவை நிரப்ப முடியாதவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள் என்றுதான். போகட்டும்.

ஒன்று கேட்கிறேன். அவர் அப்படிச் சொன்னபோது, கேட்பது உங்கள் மனைவிக்காக என்று சொன்னீர்களா?

நிங்ரும்

*

ஜகார்த்தா,
1 அக்டோபர் 2018

என் நிங்ரும்,

அனுப்பிவிட்டேன்! ஆபீஸ் கணினியிலேயே போட்டேன், இங்கே இணையம் வேகம். பதிவு எண் இணைப்பில். ஏசி சரியாகிவிட்டது. கம்பெனிச் செலவில் பாண்டுங் போய் வந்தோம், சரியான மழை. உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறேன், பச்சை நிறம்.

ஆயிரம் முத்தங்கள்,
தாமார்

*

சலாதிகா,
14 நவம்பர் 2018

மாஸ் தாமார் அவர்களுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. கம்பளி மெதுவாக இருக்கிறது.

இன்று சான்றிதழ் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். இபு சுமி பஸ்ஸில் கூட வந்தார். அங்கே இருந்தது ஒரு பெண் அதிகாரி, நல்ல குரல். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மாற்றுத்திறனாளியாங்கிற கேள்விக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்களேம்மா."

"இருக்காதுங்க. சரியாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். இல்லைன்னு போட்டதால மனு தானாப் பொதுப் பட்டியலுக்குப் போயிடுச்சு. நீங்க கேட்ட எடம் அதுல கெடையாது. இனி திருத்தவும் முடியாது." என் கைத்தடியைப் பார்த்திருப்பார். "யாரும்மா இத நெரப்புனது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவருக்குத் தெரியாதா?"

இபு சுமிதான், "அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா, வேற என்னமோதான் தெரியல" என்றார். அந்த அம்மாள் எங்களுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அந்த இடத்துக்கு யாருமே சரியாக மனுப் போடவில்லையாம். காலியாகவே விடப்போகிறார்களாம்.

அந்தக் கட்டத்தில் ஏன் அப்படிப் போட்டீர்கள்?

நிங்ரும்

*

ஜகார்த்தா,
16 நவம்பர் 2018

நிங்ரும்,

எப்படிச் சொல்வது? நிரப்பும்போது பாக் ஆர்யோ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "யாரு, உன் சம்சாரமா? கம்ப்யூட்டர் டீச்சரா? பலே" என்றார். அந்த நேரத்தில் 'மாற்றுத்திறனாளி' என்று போடக் கை போகவில்லை, 'இல்லை' என்று போட்டேன். அவர் போனபிறகு மாற்றலாம் என்றுதான் அனுப்பாமல் வைத்திருந்தேன். அப்புறம் பாண்டுங் பஸ் வந்துவிட்டது. அவசரத்தில் அழுத்திவிட்டேன்.

வேண்டுமென்று செய்ததில்லை. இன்னும் உனக்குக் கொஞ்சம் தெரிகிறதுதானே? அது அப்படி ஒன்றும் முழுப் பொய்யும் இல்லை. வேறு வேலை வரும். கோபப்படாமல் எழுது.

தாமார்

*

ஜகார்த்தா,
5 மார்ச் 2019

என் நிங்ரும்,

நீ எழுதி மாதக்கணக்காகிறது. போனிலும் "ம்" என்பதோடு சரி. வருடப் பிறப்புக்கு வர முடியாததற்கு இன்னுமா கோபம்?

இதைக் கேட்டால் கோபம் ஓடிவிடும். புதிதாக ஒரு பெரிய ஒப்பந்தம். பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி பக்கம் இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம் கொடுத்தவர்களின் நிபந்தனை. நீ சொன்னதையெல்லாம் செய்திருக்கிறேன், லேபிள், தலைப்பு, எல்லாம். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று பாக் ஆர்யோ கேட்டார். "சலாதிகாவில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இருக்கிறார், கெட்டிக்காரர்" என்று உடனே சொல்லிவிட்டேன். அவருக்கு ஏக சந்தோஷம். பக்கத்தின் இணைய முகவரி கீழே. பார்த்துச் சொல்.

ஆயிரம் முத்தங்கள்,
தாமார்

*

சலாதிகா,
9 மார்ச் 2019

மாஸ் தாமார்,

பக்கத்தை முழுவதும் கேட்டேன். தலைப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைச் சொல்கிறது. அனுப்புவது எது, அழிப்பது எது என்று பொத்தான்கள் சொல்கின்றன. முகவரிக் கட்டத்தின் லேபிளில் மட்டும் முடிக்கும் டேக் விட்டுப்போயிருக்கிறது, அடுத்த கேள்வியையும் சேர்த்துப் படிக்கிறாள். அதைச் சரிசெய்துவிடுங்கள். மற்றபடி நல்ல வேலை. இது உங்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லை என்பதும் இப்போது எனக்குத் தெரிந்தது.

யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு மனுவை நான் முழுதாக நிரப்பியது இதுதான் முதல் தடவை. திருமண நிலை என்ற இடம் வந்தது. தேர்வுகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். மணமாகாதவர். மணமானவர். மணமுறிவு பெற்றவர். துணையை இழந்தவர். மேலே போய் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். இபு சுமி வீட்டில் மிளகாய் இடிக்கும் சத்தம் நின்று மறுபடி தொடங்கும்வரை அங்கேயே இருந்தேன். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். பிழை எதுவும் காட்டவில்லை.

அது சோதனைப் பக்கம்தான். உண்மையான மனுவைத் திங்கட்கிழமை என் தம்பி நீதிமன்றத்தில் கொடுக்கிறான். சண்டைக்கு வரமாட்டேன். நீங்களும் வரவேண்டாம்.

வலக் கண்ணில் இப்போது வெளிச்சமும் இல்லை. ஜனவரியில் போனது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நிங்ரும்