வலது கால் ஸ்ட்ரைக்கரும் இடது கால் லேபிளும்

ஆமத்தூர்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் ஆஷ்லினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் அம்மாவின் முட்டுவலியும் இங்கே சௌக்கியம். அந்த வேல்ஸ் தேசத்து மழைக்கு நடுவில் உன்னையும் அவரே சளி பிடிக்காமல் காத்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது அப்பா ஏன் பேனாவை எடுத்தார் என்று யோசிக்காதே. போனில் பேசினால் உன் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா, ஈரத் தலையோடு வெளியே போனாயா என்று ஆரம்பித்துவிடுவாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். நீ வேலை பார்க்கிற முதியோர் ஹோமில், இடுப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாக இடது காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஐவர் பிரைஸ் ஐயா, வியாழக்கிழமையிலிருந்து தானே ஷூ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கிறார், நீங்க ரெண்டு பேரும் அவருகிட்ட என்னதான் சொன்னீக என்று கேட்டிருந்தாய். நாங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்று உன் அம்மா அடித்துச் சொன்னாள். அது பொய். நடந்ததை முழுவதும் எழுதுகிறேன், கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபப்படு.

எங்கள் ஹோமில் ஒரு பெரிய ஸ்ட்ரைக்கர் இருக்கிறார் என்று நீ முதலில் சொன்னபோது, நான் கேரம் போர்டு ஆடுகிறவர் என்று நினைத்தேன். உன் அம்மா, பாவம் கம்பெனியில் ஸ்ட்ரைக் பண்ணி வேலை போனவராக்கும் என்று ஜெபக்கூட்டத்தில் அவருக்காக விண்ணப்பமே வைத்துவிட்டாள். பிறகுதான் கல் உடைக்கிற ஊரில் பிறந்தவர், பதினேழு வயதில் பந்து விளையாடப் போனவர், முந்நூற்றுப் பதினோரு கோல் அடித்தவர், சிவப்புச் சட்டையும் ஒன்பதாம் நம்பருமாக அவர் ஓடிவந்தால் ஸ்டேடியமே எழுந்து பாட்டுப் பாடும் என்றெல்லாம் விளங்கியது. அவர் பந்தை உதைக்கிற அந்தப் பழைய போட்டோவை நீ அனுப்பிய அதே வாரம்தான், எங்கள் லேபிள் பிரஸ் முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி தீபாவளி ராக்கெட் பாக்கெட்டுக்குப் புதுசாக ஒரு படம் வேண்டும், மயிலையும் கிளியையும் பார்த்து ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்று என் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். நீயும் ஐயாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக் கொடுத்தாய். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் உன்னிடம் என் ராக்கெட் வந்துவிட்டதா என்று கேட்கிறார் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். போட்டோவில் பந்து இடது பக்கம் போகிறது. ராக்கெட்டின் பெயரோ வலது பக்கம் இருக்கிறது. ஆள் பெயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் சரக்கு ஓடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. அதனால் கம்ப்யூட்டரில் படத்தை அப்படியே திருப்பிப் போட்டேன். சட்டை நம்பர் இடவலம் மாறித் தெரிந்தது, அதை மட்டும் அழித்து ஒன்பதை ஒழுங்காக வைத்தேன். உதைக்கிற வலது கால் இடது காலாகிவிடும் என்று யார் யோசித்தார்கள்? முப்பத்தொரு வருடத்தில் எத்தனை கிளியைத் திருப்பியிருக்கிறேன், ஒரு கிளியாவது ஏன் என்று கேட்டதுண்டா? முதல் லோடு ஐம்பதாயிரம் லேபிள் ஓடி முடிந்து, நான் ஆசையாக உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், நீ போன் போட்டுக் கத்திய கத்தல் வெட்டு மெஷின் மாடத்திக்கே கேட்டது. ஐயா ஆயுசு முழுக்க வலது காலில் மட்டுமே கோல் அடித்தவர் என்றும், ஜெயித்தால் வேல்ஸ் உலகக் கோப்பைக்குப் போகும் என்றிருந்த ஆட்டத்தில் கடைசி நிமிடம் பந்து அவர் இடது காலுக்கு வந்தது என்றும், எதிரே கோல்கீப்பர் கூட இல்லாத காலிக் கோல், அதை வலது காலுக்கு மாற்றப்போன அந்த நொடியில் எதிரணிக்காரன் ஒருவன் தட்டிவிட்டான் என்றும் அப்போதுதான் சொன்னாய். அந்தக் காலைத்தான் அவர் இப்போது ஊன்ற மாட்டேன் என்கிறார், அன்னைக்கே என்னைக் கைவிட்ட காலு எனக்கெதுக்கு என்கிறார், இந்த லேபிளைப் பார்த்தால் கேலி என்று நினைத்து ஒரேயடியாகப் படுத்துவிடுவார், அவர் கண்ணில் காட்டவே கூடாது என்றாய். மாடத்தியிடம் சொன்னேன். அவள், ஏண்ணே, ஒத்தக் கால வச்சுக்கிட்டா அம்புட்டுக் கோலு போட்டாரு, ரெண்டு காலும் வேல செஞ்சிருந்தா மத்தவுக பொழப்பு என்னாவுறது என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரிய மனுஷனின் புண்ணில் போய் மை தடவிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வலது காலுக்குத் திருத்திய புது அச்சு பிளேட் போட்டு, அடுத்த லோடாவது சரியாக ஓடட்டும் என்று தயாராக வைத்தேன்.

வியாழக்கிழமை நீ வீடியோவில் ஐயாவைக் காட்டிவிட்டு, பக்கத்து அறையில் பெல் அடித்தது என்று போனை அவர் முன்னால் வைத்துவிட்டு ஓடினாயே, அப்போதுதான் விஷயம் நடந்தது. உன் அம்மா, சர்ச்சில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசனப் பண்டிகைச் சமையலுக்கு மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் என்றைக்கு வெள்ளைத் தாளில் லிஸ்ட் எழுதியிருக்கிறோம்? பிரஸ்ஸில் மிஞ்சிய ஷீட்டின் பின்பக்கம்தான். கண்ணாடியைக் காணோம் என்று துவரம்பருப்பு எத்தனை கிலோ எனப் பார்க்க அவள் தாளை வெளிச்சத்துக்கு உயர்த்த, முன்பக்கம் முழுக்க எட்டு ஐவர் பிரைஸ், எட்டுப் பேரும் இடது காலால் உதைத்தபடி, நேராக ஐயாவின் முகத்துக்கு முன்னால். அவர் போனுக்குக் கிட்டே குனிந்தார். அசையவே இல்லை. நெட் நின்றுவிட்டது என்று கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன். நிற்கவில்லை, கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பிரஸ் இங்கிலீஷ்தானே, சாரி சார், மிஸ்டேக் சார், டுமாரோ கரெக்ஷன் என்றேன். லெஃப்ட் ஃபுட் என்றார். மறுபடியும் லெஃப்ட் ஃபுட் என்று சொல்லி இடது தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. உன் அம்மா வலி என்று நினைத்துக்கொண்டு, நடந்தாத்தானய்யா காலு கூட வரும், சும்மா படுத்துக் கெடந்தா எப்படி, எந்திரிச்சு நடங்க என்று தமிழிலேயே அதட்டினாள். அவரும் எஸ் எஸ் என்று தலையாட்டினார். என்ன புரிந்ததோ. நான் மறுபடியும் கரெக்ஷன் சார் என்றேன். விரலை ஆட்டி, நோ கரெக்ஷன் என்றார். அதற்குள் உன் காலடிச் சத்தம் கேட்டது, உன் அம்மா ஷீட்டை மடியில் ஒளித்துவிட்டாள். இவ்வளவுதான் நாங்கள் சொன்னது.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய்ப் புது பிளேட் வேண்டாம், பழையதே ஓடட்டும் என்றேன். ஏய்யா, நாலு நாளா என் உயிர எடுத்தது இதுக்குத்தானா என்றார். திட்டட்டும். இந்தத் தீபாவளிக்கு நம் ஜில்லா முழுக்க ஐயா இடது காலில்தான் கோல் அடிப்பார். இத்துடன் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன், பின்பக்கம் லிஸ்ட் இல்லாதது. அதன் ஓரத்தில் அவரிடம் ஓகே என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பு. முப்பத்தொரு வருடத்தில் கரெக்ஷன் இல்லாமல் என் மேஜைக்குத் திரும்பி வரப்போகிற முதல் புரூஃப் அதுதான்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூங்கு என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஒன்றை மறந்துவிடாதே, இடது கால் வந்த ஜோரில் ஐயா வலது காலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடப் போகிறார், இரண்டையும் ஊன்றச் சொல்.

உன் அன்பு அப்பா,
தே. தேவாசீர்வாதம்